இருவராக அயர்லாந்தின் மேற்குக்கரை: முதல்முறை போகிறவர்களுக்கு

அயர்லாந்து சின்ன நாடு. டப்ளினில் காரை எடுத்தால் இரண்டரை மணி நேரத்தில் கால்வே வந்துவிடும். கிழக்குக் கடலுக்கும் மேற்குக் கடலுக்கும் இடையே அவ்வளவுதான் தூரம். வரைபடத்தில் இதைப் பார்த்துவிட்டு, ஏழு நாளில் முழுத் தீவையும் சுற்றிவிடலாம் என்று பலரும் கணக்குப் போடுகிறார்கள். நானும் என் கணவரும் முதல்முறை அப்படித்தான் போனோம். ஆறு இரவுக்கு ஆறு ஊர். தினமும் காலையில் பெட்டியைக் கட்டி, மாலையில் பிரித்து, நடுவில் ஓடிக்கொண்டே இருந்தோம். இரண்டாம் முறை மேற்குக்கரையை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒவ்வோர் ஊரிலும் இரண்டு மூன்று இரவு தங்கினோம். அயர்லாந்தை அப்போதுதான் பார்த்தோம். ஊர்களைக் குறையுங்கள், இரவுகளைக் கூட்டுங்கள் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் விசா, அப்புறம் டிக்கெட்

இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் இரண்டுக்குமே விசா வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் விசா அயர்லாந்துக்குச் செல்லாது. அயர்லாந்து அந்த ஏற்பாட்டில் இல்லை, அதற்குத் தனி விசா. பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஒருமுறை நுழைய 60 யூரோ, பலமுறை நுழைய 100 யூரோ. கடைசி ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், தங்கும் இடங்களின் முன்பதிவு, பயணக் காப்பீடு, ஏன் போகிறோம் என்று விளக்கும் கடிதம் ஆகியவற்றைத் தயார் செய்துகொள்ளுங்கள். செலவு ஒருவர் கணக்கிலிருந்து போகிறதென்றால் திருமணப் பதிவுச் சான்றிதழையும் சேர்த்து வைப்பது நல்லது. விசா கைக்கு வரும்வரை விமான டிக்கெட் வாங்க வேண்டாம் என்று அயர்லாந்து அரசே சொல்கிறது. பணம் திரும்பக் கிடைக்கும் வகையில் அறைகளை மட்டும் முன்பதிவு செய்து வையுங்கள்.

வட அயர்லாந்து பிரிட்டனைச் சேர்ந்தது. எல்லையில் சோதனைச் சாவடி கிடையாது, தெரியாமலே கடந்துவிடலாம். ஆனால் சட்டப்படி அங்கே போக பிரிட்டன் விசா வேண்டும். இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கு பிஐவிஎஸ் என்று ஓர் ஏற்பாடு உண்டு. விசாவில் அந்தக் குறிப்பு இருந்தால் ஒரே விசாவில் இரண்டு இடத்துக்கும் போகலாம். எந்த நாடு விசா கொடுத்ததோ அங்கேதான் முதலில் இறங்க வேண்டும். சுமார் 40,000 எரிமலைப் பாறைத் தூண்கள் கடலோரம் நிற்கும் ஜெயன்ட்ஸ் காஸ்வே அந்த வடக்கில்தான் இருக்கிறது. திருநெல்வேலி இடையன்குடியில் வாழ்ந்த கால்டுவெல் பிறந்ததும், டோனாவூர் மிஷனரி ஏமி கார்மைக்கேல் பிறந்ததும் அந்தப் பக்கம்தான். ஆனாலும் பத்து நாள் பயணத்தில் வடக்கைச் சேர்க்காதீர்கள். அது தனியாக ஒரு பயணம்.

எப்போது போவது

மே மாதம், ஜூன் முதல் பாதி, அல்லது செப்டம்பர். மே, ஜூனில் மழை ஒப்பீட்டளவில் குறைவு. ஜூன் கடைசியில் மேற்குக்கரையில் இரவு 10 மணிக்குத்தான் சூரியன் மறையும். சாப்பிட்டுவிட்டுக்கூட ஓர் ஊரைப் பார்த்து வரலாம். ஜூலை, ஆகஸ்டில் கூட்டமும் விலையும் ஏறும். ஆனால் தென்மேற்குக் கடலோர ஊரான டிங்கிள் பக்கத்து வேலிகளில் சிவப்பு ஃபியூஷியா பூத்துத் தொங்குவதும் அப்போதுதான்.

மழை வரும். எந்த மாதம் போனாலும் வரும். அதைத் தவிர்க்கத் திட்டம் போடுவதை விட, மழையிலும் நடக்கத் தயாராகப் போவதுதான் சரி. காற்றில் குடை நிற்காது, வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தலைமூடியுள்ள நல்ல மழைக்கோட்டு, தண்ணீர் புகாத ஷூ, இரண்டு ஜோடி காலுறை கூடுதலாக. ஜீன்ஸ் நனைந்தால் நாள் முழுக்கக் காயாது. ஒன்று கவனித்தோம்: காலையில் கொட்டிய மழை பத்தரைக்கு விட்டு, பதினொன்றுக்கு வெயிலடித்து, மறுபடி தூறும். அதனால் "இன்று மழை" என்று நாளையே கைவிடாதீர்கள், அரை மணி காத்திருங்கள்.

கார்

கிராமப்புறம் பார்க்கக் கார்தான் வசதி. நல்ல செய்தி, அங்கேயும் இடப்பக்கம்தான் ஓட்ட வேண்டும். செல்லுபடியாகும் இந்திய உரிமத்தோடு சுற்றுலாப் பயணி ஓட்டலாம். இருந்தாலும் ஆர்டிஓவில் சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சில வாடகை நிறுவனங்கள் கேட்கும். கார் யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரிலேயே கிரெடிட் கார்டு இருக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டிகள் எண்ணிக்கையில் குறைவு, வாடகை அதிகம். மாதக்கணக்கில் முன்னாலேயே எடுத்து வையுங்கள்.

வண்டி எவ்வளவு சிறியதோ அவ்வளவு நல்லது. இருவருக்கு நடுத்தர அளவு பெட்டி இரண்டு, அவை டிக்கியில் அடங்கினால் போதும். அங்கே சின்னக் கிராமச் சாலையை போரீன் என்பார்கள். சாலைக்கு ஐரிஷ் மொழியில் போஹர் என்று பெயர். அந்தச் சொல்லுக்குள் மாட்டைக் குறிக்கும் 'போ' இருக்கிறது. மாடு போன வழிதான் சாலையாயிற்று. போரீன் அதிலும் சின்னது: ஒரு வண்டி அகலம், நடுவில் புல் முளைத்திருக்கும், இரண்டு பக்கமும் கல்சுவரோ முட்செடி வேலியோ ஒட்டி நிற்கும்.

இன்சூரன்ஸில் கண்ணாடி, டயர், வண்டியின் அடிப்பாகம் ஆகியவை அடங்குமா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். அடிப்படைக் காப்பீட்டில் பெரும்பாலும் அவை இருக்காது. மேற்கில் கனமாரா என்ற பகுதியில் எதிரே வந்த வண்டிக்கு ஒதுங்கியபோது எங்கள் இடப்பக்கக் கண்ணாடி சுவரில் உரசி உடைந்தது. அந்தப் பணத்தை முழுக்க நாங்களே கட்ட வேண்டியிருந்தது. வண்டியை எடுக்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் சுற்றிலும் வீடியோ எடுத்து வையுங்கள்.

ஓட்டுநர் இருவரானால் இருவர் பெயரையும் பதிவு செய்யுங்கள். கூடுதல் கட்டணம் உண்டு, ஆனாலும் செய்யுங்கள். ஒருவரே ஓட்டினால் அவர் பத்து நாளும் சாலையை மட்டும்தான் பார்ப்பார். இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவருக்கு வேலி முகத்தில் அறைய வருவது போலத் தோன்றும். "இடிக்கப் போறீங்க" என்று கத்தத் தோன்றும். ஓட்டுபவருக்கு அப்படித் தெரியாது. முதல் இரண்டு நாள் எங்களுக்குள் இதில்தான் மனவருத்தம். பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். பக்கத்தில் இருப்பவர் "இடப்பக்கம் ஒரு கை அகலம்" என்று அளவை மட்டும் சொல்வது, வேறெதுவும் சொல்லாமல் இருப்பது. அதன் பிறகு பயணம் அமைதியாகப் போனது.

சாலை வழக்கங்கள் சில. ரவுண்டானாவில் வலப்பக்கம் இருந்து வருபவருக்கு வழி விட வேண்டும். மோட்டார்வேயில் மணிக்கு 120 கிலோமீட்டர், தேசியச் சாலையில் 100 வரை. உள்ளூர்க் கிராமச் சாலைகளுக்கான பொது வரம்பை 2025 பிப்ரவரியில் 80லிருந்து 60 ஆகக் குறைத்தார்கள். போரீனில் 60கூட அதிகம்தான். ஒற்றைச் சாலையில் எதிரே வண்டி வந்தால், ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் எடுத்துப் போக வேண்டும். ஒதுங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். பின்னால் டிராக்டரோ உள்ளூர்க்காரரோ வந்தால் ஓரம் கட்டி விட்டுவிடுங்கள், அவருக்கு வேலை இருக்கிறது. எதிரே வருபவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டுவார். அது வணக்கம். நீங்களும் தூக்குங்கள்.

பெட்ரோல் பங்க்கில் பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்புக் குழாய் டீசல். டப்ளினைச் சுற்றியுள்ள எம்50 சாலையில் சுங்கச் சாவடி கிடையாது. கேமரா எண்ணைப் படித்துக்கொள்ளும். மறுநாள் இரவு 8 மணிக்குள் கட்டணத்தைக் கட்டாவிட்டால் அபராதம். உங்கள் வாடகை நிறுவனம் அதைத் தானே கட்டுமா என்று சாவியை வாங்கும்போதே கேளுங்கள்.

பத்து நாளுக்கு ஒரு வழி

இந்தியாவிலிருந்து நேரடி விமானம் கிடையாது, வளைகுடா நகரங்கள் வழியாக டப்ளினில் இறங்குவீர்கள். அன்றைக்கே ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டாம். தூக்கமில்லாத கண்ணோடு புதுச் சாலையில் ஓட்டுவது ஆபத்து. டப்ளினில் ஓர் இரவு கார் இல்லாமல் தங்கி, மறுநாள் காலை விமான நிலையத்துக்கே திரும்பி வண்டியை எடுங்கள். ஒரு நாள் வாடகையும் நகரத்துப் பார்க்கிங் செலவும் மிச்சம்.

இரண்டாம் நாள் மேற்கே. பாதி வழியில் அத்லோன் பக்கம் விலகி, ஷானன் ஆற்றங்கரையில் உள்ள க்ளான்மக்னாய்ஸைப் பாருங்கள். 6ஆம் நூற்றாண்டில் துறவி கியாரன் அமைத்த மடத்தின் இடிபாடுகள், உயரமான கற்சிலுவைகள், வட்டக் கோபுரம். அங்கிருந்து கால்வேயைத் தாண்டி கிளிஃப்டன். இங்கே இரண்டு இரவு.

கிளிஃப்டன் கனமாராவின் மேற்குக் கடலோரத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் பன்னிரண்டு சிகரங்கள், மறுபக்கம் கறுப்புச் சேற்று நிலம். சேற்றில் தோண்டி எடுத்து அடுக்கிக் காயவைத்திருக்கும் கறுப்புக் கட்டிகள் டர்ஃப், அடுப்புக்கு எரிபொருள். அந்தப் புகை வாசனை வந்தால் மேற்கே வந்துவிட்டீர்கள் என்று அர்த்தம். பாதையை விட்டுச் சேற்று நிலத்தில் இறங்காதீர்கள், கால் புதையும். 1919இல் அட்லான்டிக்கை முதன்முதலில் நிற்காமல் விமானத்தில் கடந்த ஆல்காக்கும் பிரௌனும் இறங்கியது கிளிஃப்டனுக்குப் பக்கத்துச் சேற்றில்தான்.

இங்கே ஓர் அரை நாளை கைல்மோர் மாளிகைக்கு ஒதுக்குங்கள். கணவன் மனைவியாகப் போகிறவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். மிட்செல் ஹென்றியும் மார்கரெட்டும் தேனிலவுக்கு வந்த ஊர் கனமாரா. பிறகு 1860களில் ஏரிக்கரையில் இந்த மாளிகையை மிட்செல் கட்டினார். 1874இல் எகிப்துப் பயணத்தில் மார்கரெட் நோயில் இறந்துபோனார். உடலை இங்கே கொண்டுவந்து, மனைவியின் நினைவாக மிட்செல் சின்னதாக ஒரு தேவாலயம் கட்டினார். 1920இல் பெல்ஜியத்திலிருந்து வந்த கன்னியாஸ்திரீகள் மாளிகையை மடமாக்கிக்கொண்டார்கள். கூட்டம் மாளிகை வாசலிலேயே நின்றுவிடும். நீங்கள் ஏரிக்கரை வழியே நடந்து தேவாலயத்துக்கும், அதற்கு அப்பால் இருவரையும் அடக்கம் செய்திருக்கும் செங்கல் கல்லறைக்கும் போங்கள். நாங்கள் போனபோது அங்கே வேறு யாரும் இல்லை. ரொம்ப நேரம் பேசாமல் நின்றோம்.

அங்கிருந்து கில்லரி கடற்கழி பக்கம் போனால், மலைச்சரிவில் புல்லுக்கு அடியில் வரி வரியாகப் பாத்திகள் தெரியும். உருளைக்கிழங்கு போட்ட பாத்திகள். 1845இல் தொடங்கிய பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள். ஏறக்குறைய அதே அளவு மக்கள் கப்பலேறினார்கள். கூரையில்லாமல் நிற்கும் கல்வீடுகளைப் பார்த்து "அழகு" என்று படம் எடுக்கும் முன் இது தெரிந்திருக்க வேண்டும்.

நான்காம் நாள் தெற்கே டூலின், இரண்டு இரவு. வழியில் பர்ரன் வரும். புல்லே இல்லாத சாம்பல் நிறச் சுண்ணாம்புப் பாறை, மைல்கணக்கில். வெடிப்புகளில் குனிந்து பார்த்தால் பூக்கள். பனிப்பிரதேசச் செடியும் மத்தியதரைக்கடல் செடியும் பக்கத்துப் பக்கத்தில் வளரும் இடம் அது. மே மாதத்தில் ஜென்ஷியன் என்ற நீலப் பூவைத் தேடுங்கள், விரல்நுனி அளவுதான் இருக்கும். பாறைவெளி நடுவே பூல்நப்ரோன் கல்திட்டை, 5,000 ஆண்டுக்கு மேற்பட்டது. கிருஷ்ணகிரி மல்லச்சந்திரத்துக் கல்திட்டைகளைப் பார்த்தவர்களுக்கு அந்த வடிவம் உடனே பிடிபடும்.

மோஹர் பாறைகள் டூலினிலிருந்து பக்கம். மிக உயரமான இடத்தில் கடலிலிருந்து 214 மீட்டர். பகல் 11 முதல் 4 வரை டப்ளினிலிருந்து வரும் பேருந்துகள் நிறைந்திருக்கும். காலையில் திறந்ததும் போங்கள், அல்லது மாலையில். ஏப்ரலிலிருந்து ஜூலைவரை கீழே பஃபின் பறவைகள் கூடு வைத்திருக்கும், பைனாகுலர் எடுத்துப் போங்கள். தடுப்பைத் தாண்டாதீர்கள். விளிம்பில் புல் இருக்கும், அதற்கு அடியில் பாறை அரித்துப்போயிருக்கும், மேலிருந்து தெரியாது.

மறுநாள் படகில் இனிஷ் மோர் தீவுக்குப் போங்கள். இறங்கியதும் சைக்கிள் வாடகைக்கு எடுத்து டூன் ஏங்கஸ் கோட்டைக்குப் போகலாம். மூன்று பக்கம் கல்மதில், நான்காவது பக்கம் மதில் கிடையாது, ஏறக்குறைய 100 மீட்டர் கீழே அட்லான்டிக். கடல் கொந்தளித்தால் படகு நிற்கும். அதனால்தான் டூலினில் இரண்டு இரவு. ஒரு நாள் தவறினால் அடுத்த நாள் இருக்கும்.

டூலினில் இரவு

இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். டூலின் இருக்கும் கிளேர் மாவட்டம் பாட்டுக்குப் பேர்போனது. இரவு ஒன்பது, ஒன்பதரைக்குப் பப்பின் ஒரு மூலை மேஜையைச் சுற்றி நான்கைந்து பேர் வந்து உட்காருவார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. ஒருவர் ஃபிடில், ஒருவர் கான்செர்டினா என்ற சின்னத் துருத்தி வாத்தியம், ஒருவர் புல்லாங்குழல், ஒருவர் போரான் என்ற ஆட்டுத்தோல் பறை. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகச் சேர்வார்கள். இதற்குப் பெயர் செஷன். அவர்கள் உங்களுக்காக வாசிக்கவில்லை, தங்களுக்குள் வாசித்துக்கொள்கிறார்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்கள், அவ்வளவுதான். எட்டரைக்கே போய் இடம் பிடியுங்கள், ஆனால் அந்த மூலை மேஜையை விட்டுவிடுங்கள். பாட்டு நடுவே பக்கத்தில் உட்கார்ந்து சத்தமாகப் பேசாதீர்கள். வாத்தியமே இல்லாமல் யாராவது பாடத் தொடங்கினால் கூட்டம் முழுக்க அடங்கிவிடும், கிளாஸ் வைக்கும் சத்தம்கூட இருக்காது. நாங்கள் இருந்த இரவு ஒரு பாட்டி எழுந்து நிற்காமலே, கண்ணை மூடிக்கொண்டு ஐரிஷில் ஒரு பாட்டுப் பாடினார். ஒரு வார்த்தை புரியவில்லை. என் கணவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பப்பில் குடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. டீ கேட்டாலும் தருவார்கள், மதுவில்லாத கின்னஸும் கிடைக்கும். மேஜைக்கு யாரும் வரமாட்டார்கள் என்றால் கவுண்டருக்குப் போய்க் கேட்டு வாங்குங்கள். காரை ஓட்டுபவர் குடிக்கவே கூடாது. சட்ட வரம்பு கடுமையானது, நிலவில்லாத இரவில் போரீன் அதைவிடக் கடுமையானது. நடந்து திரும்பும் தூரத்தில் அறை எடுத்தால் இந்தப் பேச்சே வேண்டாம்.

சாப்பாடு

பி அண்ட் பி என்று பலகை போட்ட வீடுகளில் காலை உணவும் சேர்த்துத் தருவார்கள். தட்டில் கறுப்பாக வட்டமாக இருப்பது பன்றி ரத்தத்தில் செய்த பிளாக் புட்டிங். சைவம் என்றால் முன்பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். முட்டை, காளான், தக்காளி, பீன்ஸ், ஓட்ஸ் கஞ்சி தருவார்கள். வீட்டில் சுட்ட கோதுமை சோடா ரொட்டியும் வெண்ணெயும் இருக்கும், அது ஒன்றே போதும். பப்புகளில் காய்கறி சூப் என்று இருந்தாலும் கோழிச்சாறு சேர்த்ததா என்று கேளுங்கள். கிராமத்துப் பப்பில் சமையலறையை ஒன்பது மணிக்கே மூடிவிடுவார்கள், சில இடங்களில் அதற்கும் முன்பே. வெளிச்சம் இருக்கிறதே என்று ஊர்சுற்றிவிட்டு வந்தால் பட்டினிதான். மீன் சாப்பிடுபவர்கள் மேற்குக்கரை முழுக்க சௌடர் என்ற கெட்டியான மீன் சூப்பைக் கேட்டுக் குடியுங்கள்.

ஊரிலிருந்து பருப்புப்பொடி, ஊறுகாய் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, கறி எதுவும் கூடாது. பால், இறைச்சிப் பொருட்களை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள். கறிவேப்பிலையும் வேண்டாம்.

டிங்கிள், அப்புறம் திரும்பும் வழி

டூலினிலிருந்து தெற்கே போக லிமெரிக் சுற்றிப் போக வேண்டாம். கில்லிமரிலிருந்து டார்பர்ட்டுக்குக் காரோடு படகில் ஏறினால் இருபது நிமிடத்தில் ஷானன் முகத்துவாரத்தைத் தாண்டிவிடலாம். நூறு கிலோமீட்டருக்கு மேல் மிச்சம். பகலில் மணிக்கு ஒரு படகாவது உண்டு.

டிங்கிளில் மூன்று இரவு. எல்லோரும் 179 கிலோமீட்டர் ரிங் ஆஃப் கெர்ரியைச் சொல்வார்கள். ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் நான் டிங்கிளைத்தான் சொல்வேன். ஸ்லே ஹெட் சுற்றுச்சாலை 50 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் ஒரு நாள் முழுக்க வேண்டும். கடிகாரம் சுற்றும் திசையில் போங்கள். பெரிய பேருந்துகளும் அப்படித்தான் போகின்றன. எதிர்த்திசையில் போனால் பாறைவிளிம்பில் அவற்றை எதிரே சந்திப்பீர்கள். 1953இல் கடைசி மக்களும் வெளியேறிய பிளாஸ்கெட் தீவுகள் கடலில் தெரியும். சாந்தே இல்லாமல் கல்மேல் கல் அடுக்கிக் கட்டிய காலரஸ் வழிபாட்டுக் கூடம், கவிழ்த்து வைத்த படகு போல இருக்கும்.

இது ஐரிஷ் பேசும் பகுதி. சாலைப் பலகைகளில் பல இடங்களில் ஆங்கிலம் இருக்காது, டிங்கிள் அங்கே 'டாங்கன் ஈ ஹூஷ்' ஆகிவிடும், பழைய பலகைகளில் 'அன் டாங்கன்' என்றும் இருக்கும். ஊர்களின் ஐரிஷ் பெயரை முந்தின இரவே குறித்து வையுங்கள். கடையில் நன்றி சொல்ல "கொ ரெவ் மா அகத்" என்று சொல்லிப் பாருங்கள். தன் மொழியை இழந்துவிடாமல் காப்பாற்றப் பாடுபடும் ஊர் அது. அந்த ஒரு வாக்கியத்துக்கு முகம் மலர்வதைப் பார்ப்பீர்கள்.

மூன்றாவது நாளை வேண்டுமென்றே காலியாக விடுங்கள். மழை கெடுத்த நாள் ஏதாவது இருந்தால் அதற்கு ஈடாகும்; இல்லாவிட்டால் கில்லார்னி பூங்காவுக்குப் போய் ஏரியோரம் நடந்துவிட்டு வரலாம்.

டிங்கிளிலிருந்து டப்ளினுக்கு ஒரே மூச்சில் ஓட்டாமல், கேஷலில் ஓர் இரவு. சமவெளி நடுவே ஒரு பாறை, அதன்மேல் தேவாலயம், வட்டக் கோபுரம், 1134இல் திருநிலைப்படுத்திய கார்மக் சிற்றாலயம். இரவில் விளக்குப் போடுவார்கள், கீழே வயல்வெளியிலிருந்து பாருங்கள். கேஷல், டூன் ஏங்கஸ், க்ளான்மக்னாய்ஸ் மூன்றுமே அரசின் பராமரிப்பில் இருப்பவை. ஹெரிடேஜ் கார்டு ஒன்று வாங்கினால் எல்லாவற்றுக்கும் செல்லும். முதலில் போகும் இடத்திலேயே வாங்கிவிடுங்கள்.

மறுநாள் கேஷலிலிருந்து விமான நிலையத்துக்கு இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திருப்பிக் கொடுக்கும் முன் டேங்க்கை நிரப்பி, ரசீதை வைத்துக்கொண்டு, வீடியோவை எடுத்துவிடுங்கள். ஷூவில் ஒட்டியிருக்கும் கனமாராச் சேற்றைக் கழுவிப் பையில் போட அரை மணி தனியாக வேண்டும்.